மேல்வயல் மருமகள்

கெதுட் லெந்த்ராவை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மருமகளே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து நாலு வயது, காதோரம் நரை, கறுத்து மெலிந்த உடம்பு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு சிகரெட். இந்த ஆளைப் போய் மருமகளே என்று யாராவது கத்தினால் வெளியூர்க்காரன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். உள்ளூரில் நாய்கூடத் திரும்பாது, அவ்வளவு பழகிவிட்டது.

விஷயம் ஒன்றுமில்லை. எங்கள் தீவின் தென்மேற்கே, தபானான் பக்கம், ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணையே மகனாக்கிவிடுவார்கள். அதற்கென்று சடங்கு இருக்கிறது. அது முடிந்த நிமிஷத்திலிருந்து அவள்தான் அந்த வீட்டு மகன். நிலம், குலக்கோயில், செத்தவர்களுக்குச் செய்யவேண்டிய காரியம் எல்லாம் அவள் தலையில். அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வருகிறவன் மருமகள். பெண் வீட்டார் தட்டு தூக்கிக்கொண்டு போய் அவனைக் கேட்பார்கள். அவன் தன் வீட்டு முன்னோர்களிடம் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டு கிளம்புவான். அப்படி விடைபெற்றவனுக்குப் பிறந்த வீட்டில் பிறகு விருந்தாளியின் பாய்தான். தீவின் கிழக்குக் கரைக்காரர்கள் இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பெண்களுக்கு நிலமும் கிடையாது, இந்தக் கூத்தும் கிடையாது.

லெந்த்ரா வீட்டில் நாலாவது பையன். அண்ணன்கள் மூன்று பேர் பங்கு போட்டபிறகு அவருக்கு மிஞ்சியது வரப்பு மட்டும்தான். அந்த நேரத்தில்தான் சந்தையில் சுக்ரேனி அவரை மறித்தாள். வீட்டுக்கு ஒரே மகள், அதாவது ஒரே மகன்.

"எங்க வீட்டுக்கு மருமகளா வர்றியா?" என்றாள், தேங்காய் பேரம் பேசுகிற தொனியில்.

"எனக்குப் பூத்தட்டு முடையத் தெரியாதே."

"அதை நான் பார்த்துக்கறேன். நீ சண்டை போடாம இரு, போதும்."

முப்பது வருஷம் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு சண்டையையும் லெந்த்ரா ரசித்தார். பிள்ளை இல்லை. மாமனார் போய்ப் பத்து வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் சுக்ரேனியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று லெந்த்ரா இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டார். இரண்டையும் அவரே குடித்தார்.

வாரிசில்லாத நிலம் வழக்கப்படி பங்காளி வீட்டுக்குப் போகவேண்டும். பங்காளி என்றால் மாமனாருடைய தம்பி மகன் கெதே விர்கா. லெந்த்ரா மூச்சு விடவில்லை. கீழ்வயல், தென்னந்தோப்பு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். மருமகளுக்கு உரியது சாகும்வரை வீட்டில் ஒரு மூலை. அதை எடுத்துக்கொண்டார். ஆனால் மேல்வயலை மட்டும் விடமாட்டேன் என்றார். அரை ஏக்கர்கூட இல்லாத துண்டு அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் அவர் கையில் தானமாகக் கொடுத்தது. உலகத்தில் லெந்த்ராவின் பெயரில் இருந்த மண் அது ஒன்றுதான். அது போனால் பிறந்த வீட்டிலும் இடமில்லை, வந்த வீட்டிலும் உரிமையில்லை.

விர்காவுக்குக் கண் இருந்தது அந்த அரை ஏக்கர் மேல்தான். மேட்டில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தெற்கே இருந்து வந்த ஒரு விடுதிக்காரன் இரண்டு தடவை வந்து படம் பிடித்துக்கொண்டு போயிருந்தான்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் தஸ்த்ரா புதியவர், நாற்பது வயது, எல்லாவற்றுக்கும் பேனா தேடுகிற மனுஷர். லெந்த்ரா கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். மாமனாரின் கைநாட்டு நீல மையில் கட்டைவிரல் அளவுக்குப் பரவியிருந்தது.

"பெரியப்பா கைநாட்டு சரி. எங்கப்பா கைநாட்டு எங்க?" என்றார் விர்கா. "மருமகளுக்கு நிலம் குடுக்கணும்னா பங்காளி சம்மதிக்கணும். இது எங்க வீட்டுக்குத் தெரியாம நடந்த வேலை. நீங்களே சொல்லுங்க அண்ணி, பொம்பளைக்கு எப்படி நிலம் வரும்?"

அண்ணி என்றதும் மண்டபம் சிரித்தது. சுக்ரேனி மகன் என்றால் விர்காவுக்கு அவள் அண்ணன். அண்ணனைக் கட்டியவர் அண்ணி. கணக்குச் சரிதான், முப்பது வருஷமாக விர்கா அந்தக் கணக்கைத் தப்பாமல் போட்டுவந்தார்.

"உங்கப்பா சம்மதிச்சாரு, கொழுந்தனாரே," என்றார் லெந்த்ரா.

"சாட்சி?" என்று கேட்டார் தஸ்த்ரா.

"ஒருத்தர் இருக்காரு. ஆனா அவரே வாயைத் திறந்தாத்தான் உண்டு. நான் சொல்லமாட்டேன்."

லெந்த்ரா ஏன் சொல்லமாட்டார் என்பதை நான் சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

மேல்வயலுக்குப் பின்னால் ஒரு குன்று. அதைக் குடைந்து எங்கள் தாத்தாக்களின் தாத்தாக்கள் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். ஆற்றுத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்து எங்கள் எல்லோருடைய வயலுக்கும் பாய்கிறது. அது வெளியே வருகிற வாய் மேல்வயலில் இருக்கிறது. அதனால் ஒரு கட்டுப்பாடு. வருஷத்துக்கு ஒரு தடவை, நடவுக்கு முன்னால், மேல்வயலுக்கு உடையவன் விளக்கும் மண்வெட்டியுமாக உள்ளே தவழ்ந்துபோய் வண்டலை வாரவேண்டும். தன் உடம்போடு போகவேண்டும். கூலிக்கு ஆள் அனுப்பினால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும் என்பது வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற நீர்ச்சங்கத்தின் விதி. வாசலில் வைக்கிற படையலும் உடையவன் பெயரில்தான்.

தானம் நடந்த அந்த வருஷம் அண்ணன் தம்பிக்குள் இன்னும் நிலம் பிரிக்கவில்லை. உள்ளே போகிற முறை தம்பி வீட்டுக்கு, அதாவது விர்காவின் அப்பா வீட்டுக்கு. விர்காவுக்கு இருபத்து நாலு வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அப்பாவும் பெரியப்பாவும் அவரை ஒத்திகைக்குக் கூட்டிப்போனார்கள். இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள லெந்த்ராவும் போனார். விர்கா பத்து முழம் போயிருப்பார். உள்ளே இருந்து ஒரு அலறல் வந்தது. பிறகு விர்காவின் கால் வந்தது, பிறகு விர்கா வந்தார், வேட்டி வரவில்லை. மலைப்பாம்பு, தொடை தண்டி, இடதுபக்கச் சுவரில், அதன்மேல் கையை வைத்துவிட்டேன் என்றார். நாளைக்கு உள்ளே போகச் சொன்னால் ஊரைவிட்டே ஓடிவிடுவேன் என்றும் சொன்னார்.

விஷயம் வெளியே போனால் பெண் கிடைக்காது. விர்காவின் அப்பா அண்ணன் காலில் விழாத குறை. "அண்ணா, மேல்வயலை உன் பங்குல வெச்சு மருமகளுக்கே எழுதிக்குடுத்துடு. அவன் போகட்டும் உள்ள." அப்படித்தான் தானம் நடந்தது. நடந்ததை வீட்டுக்கு வெளியே வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்று லெந்த்ரா வயல்மேட்டுச் சாமிக்கு முன்னால் சத்தியம் செய்தார். மறுநாள் தைரியமாக உள்ளே போய்விட்டு, வெளியே வந்து விர்காவின் காதில் மட்டும் சொன்னார்: "இருக்கு. உங்களைத்தான் விசாரிச்சுது."

அதன்பிறகு இருபத்தொரு வருஷம், ஒவ்வொரு வருஷமும், அதே காதில் அதே செய்தி. சத்தியம் செய்தது சொல்லமாட்டேன் என்றுதானே தவிரக் கிண்டல் செய்யமாட்டேன் என்று இல்லை.

இதெல்லாம் மண்டபத்தில் யாருக்குத் தெரியும்? இரண்டு பெரியவர்களும் சாம்பலாகிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் சத்தியம் செய்தவர், இன்னொருவர் எதிர்க்கட்சி.

தஸ்த்ரா பேனாவை மூடினார். "சாட்சி இல்லைன்னா தானம் நிக்காது, மருமகளே. சுரங்கத்துப் பூஜை அன்னைக்கு நீர்ச்சங்கப் பட்டியல் புதுப்பிப்போம். அதுக்குள்ள சாட்சி கிடைச்சா சொல்லு. இல்லேன்னா அன்னைக்கு மேல்வயலை விர்கா பேருக்கு எழுதிடறேன்."

பூஜைக்குப் பதினேழு நாள் இருந்தது. லெந்த்ரா எழுந்து இடுப்புத்துண்டைச் சரிசெய்தார்.

"சரி. பொம்பளைக்கு நிலம் கிடையாது. ஒத்துக்கறேன். அப்ப இன்னையிலேர்ந்து நான் பொம்பளை. ஆம்பளைங்க வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மறுவாரமே சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஊர்க்கோயில் திருநாள் வந்தது. விடிகாலையில் ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பன்றிக்கறி கொத்துவார்கள், பெண்கள் இன்னொரு பக்கம் தென்னங்குருத்தில் பூத்தட்டு முடைவார்கள். கொத்தின கறியில் தேங்காயும் மசாலாவும் பிசைந்து லாவார் செய்வது ஆண்களின் கைவேலை. அந்தப் பிசையல் பதம் முப்பது வருஷமாக லெந்த்ராவின் கையில்தான் இருந்தது. அன்று லெந்த்ரா கத்தியை எடுக்கவில்லை. நேராகப் பெண்கள் பக்கம் போய் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பூவேலைக்குத் தலைவி மென் கர்ணி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவர் பூசாரியையே ஒருமுறை அழவைத்தவர்.

"தள்ளி உட்காரு மருமகளே. சிகரெட்டை அணை. கையைக் கழுவினியா?"

"கழுவினேன் அக்கா."

"அப்ப மறுபடியும் கழுவு."

ஒரு மணி நேரம் கழித்து அவர் லெந்த்ராவின் முதல் பூத்தட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன, சாமிக்கா, எலி பிடிக்கவா?"

"எலியும் சாமி படைச்சதுதானே அக்கா."

பெண்கள் அன்று வேலை செய்ததைவிடச் சிரித்தது அதிகம். யாருடைய கணவன் யாரிடம் என்ன சொன்னான் என்பதெல்லாம் லெந்த்ராவுக்கு அந்த ஒரு காலையில் தெரிந்துவிட்டது. இவ்வளவு சுவாரசியமான இடத்தை விட்டுவிட்டு இத்தனை வருஷம் வெங்காயம் நறுக்கினோமே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. சுக்ரேனி இங்கேதான் உட்கார்ந்திருப்பாள், இதே தூண் பக்கம். அவள் சிரிப்பு ஆண்கள் பக்கம்வரை கேட்கும். அது ஞாபகம் வந்ததும் குருத்து கையிலிருந்து நழுவியது. மென் கர்ணி பார்த்தார், புதுக் குருத்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

லாவாரை விர்கா பிசைந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே முன்வந்தார், நில உடைமைக்காரர் என்ற தோரணை வந்துவிட்டது. உப்பு இரண்டு தடவை விழுந்தது, சித்தரத்தை தொண்டையைக் கீறியது. தஸ்த்ரா ஒரு வாய் தின்றுவிட்டுக் கோயில் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்கள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

"ஆம்பளைங்க சமையல்ல நான் தலையிடலாமா? கொழுந்தனார் என்ன நினைப்பாரு?" என்று லெந்த்ரா தலையைக் குனிந்துகொண்டார். மென் கர்ணிக்குப் புரையேறியது.

எப்போதும் விளையாட்டாக இருக்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது லெந்த்ரா மேல்வயல் வரப்பில் காலையிலிருந்து நின்றார். விடுதிக்காரன் நட்டுவிட்டுப் போன குச்சிகளில் சிவப்பு நாடா ஆடிக்கொண்டிருந்தது. தன் தந்திரம் பலிக்கும் என்று அவருக்கு உறுதியில்லை. விர்கா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால்? போய் ஒரே ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. பயமாக இருந்தது. சத்தியத்தை உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். உடைத்தாலும் யார் நம்புவார்கள்? வயலுக்காகக் கதை கட்டுகிறான் மருமகள் என்பார்கள். வரப்பில் வளர்ந்திருந்த புல்லைக் கொஞ்சம் பிடுங்கிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

பூஜை நாள் வந்தது. ஊர் முழுக்க வெள்ளைச் சட்டையில் மேல்வயலுக்கு ஏறியது. முன்னால் பெண்கள், தலையில் பழக்கூடையோடு. கடைசிக் கூடைக்குக் கீழே லெந்த்ரா, இடுப்பில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு, இடது கையை அசைத்து நடந்து வந்தார். கூடை ஒருமுறைகூடச் சாயவில்லை. மென் கர்ணி பத்து நாள் பழக்கியிருந்தார்.

பூசாரி மணியை ஆட்டி, படையலுக்கு முன்னால் நிமிர்ந்தார். "மேல்வயலுக்கு உடையவர் யாரு?"

"கெதே விர்கா," என்றார் விர்கா. குரல் கொஞ்சம் உடைந்தது. தஸ்த்ரா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"எனக்கு முழங்கால் சரியில்ல," என்றார் விர்கா. "நம்ம கூலியாள் ஒருத்தன் வந்திருக்கான், அவன் போகட்டும்."

"உடையவர் உடம்போட போகணும்," என்றார் தஸ்த்ரா. "விதி."

"அப்ப வழக்கம்போல அண்ணி போகட்டுமே. அவருக்குத்தானே பழக்கம்."

லெந்த்ரா தலையிலிருந்த கூடையை இறக்கவேயில்லை. "பொம்பளையை அந்த இருட்டுக்குள்ள அனுப்புறீங்களே கொழுந்தனாரே, நல்லாவா இருக்கு?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. விர்காவுக்கு வேறு வழியில்லை. விளக்கை வாங்கிக்கொண்டு சுரங்க வாசலில் மண்டியிட்டார். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அவருடைய இரண்டு பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை உள்ளே விட்டார். தோள் போனது. லெந்த்ராவின் தலையிலிருந்த கூடையில் ஒரு பழம் உருண்டது. விர்கா இன்னும் ஒரு முழம் போனார், பிறகு இன்னும் ஒரு முழம்.

லெந்த்ரா குரலைத் தேனாக்கிக்கொண்டார். "மெதுவாப் போங்க கொழுந்தனாரே. இடதுபக்கம் மட்டும் கை வைக்காதீங்க."

சுரங்கத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏன்?"

"ஒண்ணுமில்ல. தூங்குற நேரம்."

விர்கா பின்பக்கமாக வந்த வேகத்தில் விளக்கு தண்ணீரில் விழுந்து அணைந்தது. எழுந்து நின்றார், தலைத்துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"என்னால முடியாது. அதுக்குள்ள நான் போகமாட்டேன். எனக்கு வேண்டாம்னுதானே எங்கப்பா இந்த வயலை அவன் தலையில கட்டினாரு. நான் பக்கத்துலதானே நின்னேன். அவனையே போகச் சொல்லுங்க."

தஸ்த்ரா மெதுவாக நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப உங்கப்பா சம்மதிச்சுத்தான் குடுத்தாரு?"

"சம்மதமா? கெஞ்சினாரு," என்றார் விர்கா. சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தஸ்த்ரா எழுதினார். இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். பிறகு லெந்த்ராவிடம் திரும்பினார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இப்பவும் நான் சொல்லலையே."

மென் கர்ணி விட்டுவிடுகிற ஆளா? "ஏன் விர்கா, உனக்கு ரெண்டும் பொண்ணுங்க. நாளைக்கு உன் வீட்டுக்கும் ஒரு மருமகள் மீசையோட வரணும். வந்தவனுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு ஊர் முன்னாடி நீயே சட்டம் போட்டுட்டா எவன் வருவான்?" விர்காவின் மூத்த பெண் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

படையலில் பெயரை மாற்றி பூசாரி மறுபடியும் மணியை ஆட்டினார். லெந்த்ரா கூடையை மென் கர்ணியிடம் கொடுத்தார். மஞ்சள் துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, புதுவிளக்கும் மண்வெட்டியுமாக உள்ளே போனார்.

பத்து முழத்தில் அது இருந்தது. இடதுபக்கச் சுவரில், தொடை தண்டி, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு. குன்றின்மேல் நிற்கிற ஆலமரத்தின் வேர். முதல் வருஷம் லெந்த்ராவும்தான் அலறினார். வாயைப் பொத்திக்கொண்டதால் அலறல் வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று வீட்டுக்குப் போய் சுக்ரேனியிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து அரிசிப்பானையைத் தட்டிவிட்டாள். நாளைக்கே போய் வெட்டி எறிந்துவிடுகிறேன் என்றார் லெந்த்ரா.

"வெட்டித் தொலைச்சிடாத," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுதான் உன் பட்டா."

ஒவ்வொரு வருஷமும் வண்டலை வாரினார், சின்னச் சின்ன வேரையெல்லாம் நறுக்கினார், அதை மட்டும் தொடவில்லை. இப்போது விளக்கைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. "நீ சொன்னது சரிதான்டீ," என்றார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள், ஆனாலும் அங்கே கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்து வந்தது. அதன் பின்னாலேயே சேறு பூசிய லெந்த்ரா வந்தார். கூட்டம் கலைந்து அவரவர் மடையைப் பார்க்கப் போயிருந்தது. விர்கா மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தார். லெந்த்ரா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இன்னொன்றை அவரிடம் நீட்டினார்.

விர்கா வாங்கிக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருக்கா, அண்ணி?"

"இருக்கு," என்றார் லெந்த்ரா. "உங்க வீட்டுக்கு மருமகள் எப்ப வருதுன்னு கேட்டுச்சு."